சென்னியப்பன் கையில் எலுமிச்சை வாசம்

நவமணியின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் யார் மேல் தப்பு என்று கடைசிவரை தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள்.

பக்கத்து வீட்டில் பருப்புக் கடைந்தால், அதில் சீரகம் போட்டார்களா மறந்தார்களா என்று இவள் தன் வீட்டு அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவாள். பஸ்ஸில் ஏறினால் எந்த சீட்டுக்காரர் நேற்றைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்து, அந்தப் பக்கமே போகமாட்டாள். கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் வழியில் நின்று வடை தின்றுவிட்டு, வாயையும் கொப்பளித்துவிட்டு வந்து நிற்பான். "வடை தின்னீங்களா?" என்று கேட்கமாட்டாள். "அந்தக் கடையில தேங்காச் சட்னி புளிச்சுப் போயிருந்துதாட்டங்" என்பாள். அப்படிப்பட்ட மூக்கு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

அந்த மூக்குதான் அவளுக்கு உத்தியோகமும் வாங்கிக் கொடுத்தது. காங்கேயத்து இலைமுடி நடவு மையத்தில் அவள் வாசம் பார்ப்பவள்.

சாம்பல் காய்ச்சல் வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததே, அந்தக் காலத்தில் பிறந்தது இந்த இலைமுடி. கொசுதான் காய்ச்சலைக் கொண்டுவந்தது. கொசுவத்தியாவது, மருந்துப் புகையாவது, எதற்கும் அது அசரவில்லை. கடைசியில் வழி காட்டியது காங்கேயத்துக் கொறங்காடுதான். கொறங்காடு என்றால் மரம் தூரம் தூரமாக நிற்கிற மேய்ச்சல் காடு. இடையெல்லாம் கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் கிளுவை வேலி, அங்கங்கே ஒரு வெள்வேல மரம். அந்தப் புல்லுக்கு நடுவில் நாய்த்துளசியும் பேய்மிரட்டியும் தானாக முளைத்துக் கிடக்கும். ஆடு மாடு வாய் வைக்காது, கொசுவும் அண்டாது. அந்த இலைகளின் மேல் பூனைமுடி மாதிரி ஒரு சன்ன முடி இருக்கிறது, ஒவ்வொரு முடியின் தலையிலும் ஒரு பொட்டு எண்ணெய் இருக்கிறது, தொட்டால் அது உடைந்து வாசம் கிளம்புகிறது என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் ஆராய்ச்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்த முடியையே மனிதத் தோலில் உயிரோடு நட்டுவிட்டார்கள். இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. நம் வேர்வையைக் குடித்து அது வாழும். அதன் வாசத்துக்குக் கொசு அந்த ஆளை மட்டும் தொடாது.

எல்லாம் நல்லதுதான். ஆனால் வேர்வை என்பது ஒரே சரக்கு இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. பயத்தில் வருகிற வேர்வை வேறு, கோபத்தில் வருகிற வேர்வை வேறு. குடித்ததற்கு ஏற்றபடி முடியும் எண்ணெயை மாற்றிச் சுரந்தது. ஆளுக்கு ஆள் அடிவாசம் வேறாக இருந்தாலும், பயந்தவன் கையில் எல்லாருக்கும் கற்பூரம் அடித்தது. கோபித்தவன் கையில் மிளகு நெடி. அழுதவர் கையில் நனைந்த வெட்டிவேர். அவ்வளவுதான், உலகம் தலைகீழாகப் புரண்டது. இன்டர்வியூ நடக்கிற அறையில் ஜன்னலைச் சாத்தினார்கள். மேடை ஏறுகிற தலைவர்கள் எல்லாரும் வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டைக்கு மாறினார்கள். கடன் கேட்க வருகிறவனின் கையை முதலில் மோந்து பார்த்தார்கள். ஜாதகக் கட்டைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டு, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வாசப் பொருத்தம் பார்க்க நடவு மையத்துக்கு வரிசை கட்டி வந்தார்கள்.

அந்த வரிசைக்கு நவமணிதான் மகாராணி. நட்ட முடி பிடித்துவிட்டதா, வாசம் சரியாக வருகிறதா, பெண்ணுக்கும் பையனுக்கும் ஒத்துப் போகுமா என்று அவள் மூக்கு சொல்வதுதான் தீர்ப்பு. வாசம் பார்ப்பவர்களுக்கு மட்டும் மையத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் கை வாசம் வந்தவர் வாசத்தோடு கலந்துவிடக் கூடாது என்று, இடது கையில் முழங்கை தாண்டி ஒரு ரப்பர் உறையை இறுக்கமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். நவமணி அதை வீட்டுக்கு வந்தும் கழற்றமாட்டாள். அடுப்பு வேலை முடிந்து, முகம் கழுவிக்கொண்டு, அப்பாடா என்று உட்காரும்போதுதான் கழற்றுவாள். இலைமுடியில் எண்ணெய்ச் சட்டித் தெறிப்பு படக்கூடாது என்று அவளாகப் பழகிக்கொண்ட பழக்கம் அது.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரம். சென்னியப்பன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அவனுக்குத் தாய்க்காட்டில் வேலை. நடவுக்கு வேண்டிய செடிகளை வளர்க்கிற கொறங்காட்டுக்கு அப்படிப் பெயர், அவன்தான் அதற்கு மேற்பார்வை. தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றிருந்த நவமணியைத் தாண்டிக் கையை நீட்டிச் செம்பை எடுத்தான். அந்தக் கை அவள் முகத்துக்கு நேரே போய் வந்தது.

எலுமிச்சை வாசம் அடித்தது.

நவமணிக்குத் தோசை தீய்ந்தது. அவன் கை வாசம் அவளுக்குத் தெரியாதா? துளசியும், வெயிலில் காய்ந்த புல்லும் கலந்த வாசம். இத்தனை வருஷமாக ஒரே வாசம். இதில் எலுமிச்சை எங்கே வந்தது? வீட்டில் ஒரு மூடி எலுமிச்சம்பழம்கூடக் கிடையாது. வேலையை முடித்து, உறையைக் கழற்றிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணமாகக் குனிவது மாதிரி இன்னொரு தரம் மோந்து பார்த்தாள். எலுமிச்சை இல்லை. சுத்தமாக இல்லை.

'கழுவிட்டான்' என்று நினைத்தாள். 'எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சோப்புப் போட்டுக் கழுவிட்டான்.'

மறுநாளும் அதே கூத்து. உள்ளே வரும்போது எலுமிச்சை, சாப்பிட உட்காரும்போது இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. நவமணி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னுங்க, உங்க கையில எலுமிச்ச வாசம் வருதுங்களே."

"வரும், வரும்" என்றான் சென்னியப்பன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எங்கிருந்துங்க வரும்?"

"எங்கிருந்து வரும்? நம்மூட்டு வாசந்தான அம்மிணி." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு சிரித்தான்.

சிரிக்கிறானே, பாவி! நவமணிக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. வாயைத் திறந்து இன்னொரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். கேட்கவில்லை. அவளுக்கு அவன் வாயைவிடத் தன் மூக்கின் மேல் நம்பிக்கை அதிகம்.

அடுத்த நாள் மையத்தில் வெள்ளகோயில் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் மகளுக்குப் பொருத்தம் பார்க்க வந்திருந்தார். மையத்துத் தலைமை டாக்டர் உமையாளிடம் அவர் கேட்டார்: "ஏனுங் டாக்டரம்மா, பொண்ணு கையும் மாப்பிள்ள கையும் ஒரே வாசமா இருக்கோணுங்களா?"

உமையாள் சிரித்தார். "இருக்கணும்னு அவசியம் இல்லம்மா. ஒண்ணா இருக்க இருக்கத் தானா ஒண்ணாயிடும். இது செடியோட குணம். காட்டுல ஒரு செடியை ஆடு கடிச்சா, அதோட வாசம் மாறும். பக்கத்துச் செடி அந்த வாசத்தைப் பிடிச்சுக்கிட்டு, நம்மளையும் கடிக்கப் போறாங்கன்னு தானும் அதையே சுரக்கும். கையில நட்டாலும் அந்தப் பழக்கம் போகல. தினமும் யார் பக்கத்துல இருக்காங்களோ, அவங்க வாசத்தை இது கத்துக்கும்."

"கத்துக்கிட்டா மறந்தராதுங்களா?"

"லேசுல மறக்காது."

நவமணி இதை ஆயிரம் பேருக்கு ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்றைக்குத்தான் அது தன் வீட்டுக்கும் பொருந்தும் என்று உறைத்தது. தினமும் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ! அவள் பகலெல்லாம் இங்கே. அவன் பகலெல்லாம் தாய்க்காட்டில். தாய்க்காட்டில் அவன் பக்கத்தில் யார்?

ரெஜினா.

ரெஜினா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். செடி ஆராய்ச்சிக்கு என்று தாய்க்காட்டுக்குப் புதிதாக வந்திருந்தாள். அவளைப் பற்றிச் சென்னியப்பன் ஒரே ஒரு நாள்தான் பேசினான், எலுமிச்சை வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். ரசம் ஊற்றிக்கொண்டே, "அந்தப் புள்ளைக்கு என்ன மூக்குங்கற! கண்ண மூடிட்டு எலையக் கசக்கி மோந்தே, இது மேட்டுச் செடி, இது பள்ளத்துச் செடின்னு சொல்லிப் போடுது. நெம்ப அதிசயமா இருக்குது போ" என்றான்.

"அப்புடிங்களா? நல்ல புள்ளதான்" என்று நவமணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். அது அப்போதே மறந்தும் போயிற்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது ஒவ்வொரு வார்த்தையும் திரும்ப வந்து காதில் உட்கார்ந்துகொண்டது. என்ன மூக்குங்கற! இவள் மூக்கை ஊரே மெச்சுகிறது. கட்டினவன் ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருப்பானா?

அன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டு, கையிலிருந்த உறையைக்கூடக் கழற்றாமல், தாய்க்காட்டுக்கு ஆட்டோ பிடித்தாள்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. புல் முழுவதும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது, செடிகள் மட்டும் பச்சையாக நின்றன. கால் பட்ட இடமெல்லாம் வாசம். சென்னியப்பன் தூரத்தில் வேலியோரம் ஆட்களோடு நின்றான். வெள்வேல மரத்தடியில் தொப்பி போட்ட ஒரு பெண் முழங்காலிட்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நவமணியைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்து ஓடி வந்தாள்.

"அக்கா! நீங்கதான சார் வீட்டு அக்கா? சார் வாயத் தொறந்தா உங்க பேச்சுத்தான். வாங்கக்கா, இதப் பாருங்க." நவமணி யோசிப்பதற்குள் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய், ஓர் இலையின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். "ஒவ்வொரு முடி உச்சியிலயும் ஒரு சொட்டு நிக்கி, பாத்தியளா? இம்புட்டுக்காணு சின்னச் சொட்டு. நிழலே இல்லாத காட்டுல இதை வச்சுத்தான் வெயிலயும் தாங்குது, ஆட்டையும் வெரட்டுது. நாம என்னமோ நல்ல வாசம் நல்ல வாசம்னு மோந்து பாக்கோம். செடி அதை வச்சுச் சண்டைல்லா போடுது!"

நவமணி கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு காடு முழுக்கப் பனித்துளி நிற்பது மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பார்க்க வந்தது அதை இல்லை. கண்ணாடியைப் பிடித்திருந்த ரெஜினாவின் இடது கை அவள் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. மெல்ல மூச்சை இழுத்தாள்.

எலுமிச்சை. அதே எலுமிச்சை. அடியில் கொஞ்சம் காரமும், மேலே பழத்தோலின் கசப்புமாக, சென்னியப்பன் கையில் வந்த அதே சரக்கு.

அப்புறம் நடந்ததை விலாவாரியாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. "என்ற ஊட்டுக்காரரு வாசம் உன்ற கையில என்னடி பண்ணுது?" என்று அவள் போட்ட சத்தத்தில் வேலியோரம் நின்ற ஆட்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். ரெஜினாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று. "அக்கா, பொதுவா நாங்க எல்லாரும் ஒரே எடத்துலதான வேல பாக்கோம்..." என்று ஆரம்பித்தாள். முடிக்க விட்டால்தானே! "எல்லாரு கையிலயும் இந்த வாசம் வருதா? கொண்டாங்க பாக்கலாம், ஒவ்வொருத்தரும் கையக் கொண்டாங்க!" ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மூச்சிரைக்க ஓடி வந்து நின்ற சென்னியப்பன் கையிலிருந்து கற்பூரம் குப்பென்று அடித்தது.

"பயமா? எதுக்குங்க பயம்? மடியில கனம் இல்லீன்னா எதுக்குப் பயம்?" என்றாள் நவமணி.

கட்டின பெண்டாட்டி நடுக்காட்டில் நின்று ஊரைக் கூட்டினால் எந்த ஆண்பிள்ளைக்குத்தான் கற்பூரம் அடிக்காது? ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது?

ரெஜினா அந்த வாரமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். போன பிறகும் எலுமிச்சை போகவில்லை. முன்னைவிடத் தூக்கலாகத்தான் வந்தது. சென்னியப்பன் வாசற்படி ஏறும்போதே நவமணிக்கு அடித்தது. "எங்க போய்ப் பாத்துட்டு வரீங்?" என்று ஆரம்பிப்பாள். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தான். அப்போதும் அவள் மையத்திலிருந்து வந்தவுடன் அவன் கையைப் பிடித்து மோந்துவிட்டு, "வருது" என்றாள். "கத்துக்கிட்டா மறக்காதுங்க. அவ்வளவு நாள் ஒட்டுக்கா இருந்திருக்கறீங்க" என்றாள். சாப்பாடு ஆறிப் போனது. ஒரே வீட்டில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் நடமாடினார்கள். பகலில் ஊரார் கையை மோந்து பொருத்தம் சொல்லிவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்குள் நுழைய அவளுக்குக் கால் வரவில்லை.

"நான் என்ன பண்ணோணும்னு சொல்லு, பண்றேன்" என்றான் அவன் ஒரு நாள்.

"இந்த வாசம் போகோணும். போனாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள் அவள்.

சொன்னதைக் கேட்கிற ஆள் சென்னியப்பன். அதுதான் வினையாகப் போயிற்று.

இலைமுடியை வழித்துவிடலாம். ஒத்துக்கொள்ளாமல் தோல் வெடித்துப் போகிறவர்களுக்கு அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஒரு முறை வழித்த தோல் காய்த்துப் போகும், திரும்ப நட்டால் பிடிக்காது. வழித்தவர்களுக்கு ஊரில் மொட்டைக்கை என்று பெயர். அவர்கள் ஆயுசுக்கும் கொசுவலைக்குள்ளும், கழுத்து வரை மூடின சட்டைக்குள்ளும் கிடக்க வேண்டும். சாம்பல் காய்ச்சல் இன்னும் எங்கேயும் போய்விடவில்லை. இதெல்லாம் சென்னியப்பனுக்கு நவமணி அளவுக்குத் தெரியும். அவளிடம் சொல்லாமல் திருப்பூருக்குப் போய், இடது கை முழுக்கக் கட்டோடு வந்து நின்றான்.

"மோந்து பாரு" என்று கையை நீட்டினான்.

நவமணி கட்டைப் பார்த்தாள். ஆனாலும் பாழாய்ப்போன மூக்கு முந்திக்கொண்டது. குனிந்து மோந்தாள். மருந்து, பஞ்சு, வெறும் மனிதத் தோல். எலுமிச்சை இல்லை.

"போச்சு" என்றாள். குரலில் ஜெயித்த சந்தோஷம் எட்டிப் பார்த்தது. உடனே அழுகையும் வந்தது. "இப்புடியா பண்ணுவீங்க? கிறுக்குப் புடிச்சுப் போச்சுங்களா? வழிச்சுட்டீங்களே!"

"நீதான போகோணும்ன."

அவன் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் அடுப்பை அணைத்தாள், முகத்தைக் கழுவினாள், வழக்கம் போல ரப்பர் உறையை முழங்கையிலிருந்து உருட்டிக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, அவன் காலடியில் உட்கார்ந்து மடியில் தலை வைத்து அழுதாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். தடவிக்கொண்டே இருந்தவன் சட்டென்று கையை நிறுத்தினான்.

"போகலியே" என்றான்.

"என்னது?"

"எலுமிச்சை. நீ சொன்ன எலுமிச்சை இதுதானா?" அவன் குனிந்து அவள் இடது கையைத் தூக்கி மோந்தான். "இது உன்ற வாசமாச்சே அம்மிணி. நீ உறையக் கழட்டுனா வருமே. கொஞ்ச நாளா வருது. இதைப் போயா எங்கிருந்து வந்துதுன்னு என்னையக் கேட்ட? நம்மூட்டு வாசம்னு அன்னைக்கே சொன்னனே. நீ அந்தப் புள்ள வாசம்னதும் வேற ஏதோ எலுமிச்சைன்னு நெனச்சுட்டேன், என்ற கை வாசம் எனக்குத் தெரியாதே. எனக்குப் புடிச்சிருந்துது. புதுசா நல்லாருக்குது, நீயாச் சொல்லுவீன்னு இருந்தேன்."

நவமணி தன் கையை மூக்கோடு வைத்து இழுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தாள். ஒன்றுமே இல்லை. தன் கை வாசம் தனக்குத் தெரியாது என்பது வாசம் பார்க்கிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம். அதற்காகத்தானே உறையே போடுகிறார்கள்.

எழுந்து போய்த் தரையில் கிடந்த உறையை எடுத்து, வாயை முடிச்சுப் போட்டு வைத்தாள். தன் கையைத் துணியால் இறுகச் சுற்றிக்கொண்டாள். வெளியே போய் மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம், காற்று வருகிற திசையைப் பார்த்து நின்றாள். மூக்கு கழுவினாற்போல் வெறுமையாகும் வரை நின்றாள். அதற்கப்புறம் முடிச்சை அவிழ்த்து, உறையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, மூக்கின் கீழ் பிடித்தாள்.

எலுமிச்சை முகத்தில் அடித்தது. அடியில் காரம், மேலே பழத்தோலின் கசப்பு. பகல் முழுக்க உள்ளேயே அடைபட்டுக் கிடந்த வாசம்.

தினமும் அதைத்தான் வீட்டுக்கு வந்து கட்டவிழ்த்துவிட்டு அவன் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அவன் கை அதைக் கற்றுக்கொண்டு போயிருக்கிறது. அவன் கையிலிருந்து ரெஜினாவின் கை கற்றுக்கொண்டிருக்கிறது. உறை கையில் இருக்கும்போது அவனிடம் அதைப் பிடித்தாள். உறையைக் கழற்றியதும் தன் வாசமே மூக்கை அடைத்துக்கொள்ள, அவன் கழுவிவிட்டான் என்று நினைத்தாள். அவள் மூக்கு ஒரு தடவைகூடத் தப்புச் சொல்லவில்லை. எந்தப் பக்கமிருந்து கிளம்பியது என்பதைத்தான் அவள் தலைகீழாக எடுத்துக்கொண்டாள்.

"எப்ப இருந்துங்க வருது?" என்று உள்ளே வந்து கேட்டாள்.

சென்னியப்பன் யோசித்தான். "ரெஜினா மூக்கப் பத்திச் சொன்னப்ப இன்னொரு கரண்டி ரசம் ஊத்துன பாரு. அன்னைக்குத்தான் மொதல்ல வந்துது."

டாக்டர் உமையாள் அவள் கையை மோந்து பார்த்தார், இன்னொரு தரமும் மோந்து பார்த்தார். "பொறாமைக்கு வாசம் எதுன்னு நம்ம மையத்துக்கே தெரியாது நவமணி" என்றார் கடைசியில். "பயந்தவன் வர்றான், அழுதவன் வர்றான். எனக்குப் பொறாமையா இருக்கு, மோந்து பாருங்கன்னு எவன் வந்தான்? இப்பத்தான் முதல் தடவையாப் பார்க்கிறேன்."

நவமணி ரெஜினாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி, மன்னித்துக்கொள் தாயே என்று அழுதாள்.

"நீங்க மோந்து பாத்தது நெசந்தான்க்கா" என்றாள் ரெஜினா. "சொன்னதுதான் பொய். அம்புட்டு ஆளுக்கு முன்னால சொன்னிய. மன்னிப்ப மட்டும் தனியா போன்ல சொல்லுதிய." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். நவமணிக்கு அது வேண்டியதுதான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பள்ளமெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் கொசு. பகலில் சென்னியப்பன் மூடின சட்டையும் தலைக்கு வலையுமாகத் தாய்க்காட்டுக்குப் போய் வந்தான். ராத்திரிக்குக் கொசுவலை. பொழுது சாயும் நேரத்தில் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்வது மட்டும் அவனுக்குச் சின்ன வயசுப் பழக்கம், அதை விடச் சொன்னால் பச்சைப் பிள்ளை மாதிரி முகம் சுருங்கினான். நவமணி பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மொட்டைக்கை மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"உங்க இலைமுடி சாதாரணமா உங்களுக்கு மட்டும்தான் காவல்" என்று உமையாள் சொல்லியிருந்தார். "பக்கத்துல உட்கார்ந்திருக்கறவரையும் காப்பாத்தணும்னா, அந்த எலுமிச்சை வரணும். அது வந்தா ஒரு கட்டில் தூரத்துக்குக் கொசு இருக்காது, சோதிச்சுப் பாத்துட்டேன்." சொல்லிவிட்டு டாக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

இதில் ஒரு சங்கடம். நவமணிக்கு இப்போது யார் மேலும் பொறாமை இல்லை. கட்டினவன் தனக்காகக் கையையே வழித்துக்கொண்டு வந்து நிற்கும்போது எந்த மனுஷிக்குப் பொறாமை வரும்? மனசு குளிர்ந்து கிடந்தது. எலுமிச்சை நின்றுபோயிற்று. கொசு வர ஆரம்பித்தது.

முதலில் அதற்கு வழி கண்டுபிடித்தவன் சென்னியப்பன்தான். "ரேசன் கடைக்குப் புதுசா ஒரம்மா வந்திருக்குது அம்மிணி. என்ன சிரிப்புங்கற!" என்றான் ஒரு நாள். நவமணிக்குச் சுருக்கென்றது. காதோரம் ரீங்கென்று சுற்றிக்கொண்டிருந்த கொசு சத்தமில்லாமல் போயிற்று. "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று அவன் கை தட்டிச் சிரிக்க, அவளும் அவன் முதுகில் ஒன்று போட்டுச் சிரித்தாள். கொஞ்ச நாள் அப்படியே ஓடியது. ஆனால் கொசுவுக்காகச் சொல்கிறான் என்று தெரிந்த பிறகு அது எத்தனை நாளைக்குச் செல்லும்? ரேசன் கடை அம்மா, பஸ் கண்டக்டர் பெண், டீச்சர் என்று அவன் ஊரையே இழுத்துப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரித்தால் கொசு போகாது.

அன்றைக்கு மழை விட்டு மேகம் மட்டும் கனத்துக் கிடந்தது. கட்டிலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மொட்டைக்கையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. நவமணி அடித்தாள். இன்னொன்று வந்தது. அதையும் அடித்தாள். பக்கத்துத் தெருவில் போன வாரம் சாம்பல் காய்ச்சலில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பழையதை எல்லாம் நினைத்துப் பார்த்தாள். தாய்க்காட்டு வெயில், ரெஜினாவின் பல் தெரியும் சிரிப்பு, நீட்டின கை. பொறாமை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. வெட்கத்துக்குக் கொசு அசையவில்லை.

"உள்ள வலைக்குள்ள போயிருங்க" என்றாள்.

"சித்த நேரம் இருக்கலாம்" என்றான். அப்புறம் தெருவைப் பார்த்துக்கொண்டே, "ரெஜினா இன்னைக்குப் போன் பண்ணுச்சு" என்றான்.

நவமணி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. கண் சிமிட்டவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

"என்னவாமுங்க?"

"சும்மாத்தான்."

"சும்மான்னா?"

"சும்மா எப்புடி இருக்கறீங்கன்னு கேட்டுச்சு. கொஞ்ச நேரம் பேசுனோம்."

அவளுடன் பேசியபோது ரெஜினா இரண்டு வார்த்தையில் போனை வைத்தவள். இவனோடு கொஞ்ச நேரம் பேசியிருக்கிறாள். நவமணிக்கு அடிவயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் ஒரு பொறியாகத் தொட்டு, பிடித்துக்கொண்டு, மேலே ஏறியது. வாசம் வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. தெரியப் போவதும் இல்லை. ஆனால் அவன் கையில் மூன்றாவதாக வந்து உட்கார்ந்திருந்த கொசு எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கிளுவை வேலிப் பக்கம் போயிற்று.

நிஜமாகவே பேசினானா என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் அவன் சொல்லிவிடுவான், பொய் என்று தெரிந்தால் கொசு திரும்பி வந்துவிடும். நவமணி வாயை மூடிக்கொண்டு, தன் கையை அவன் கையோடு இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டாள்.